தில்லைநாயகி யாரையும் அறையவில்லை

தில்லைநாயகி தன் மாமியாரின் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள். அந்த அறையில் காத்தமுத்துவின் வலை கிழிந்தது.

இரண்டுக்கும் நடுவில் இருந்தது கடலும், ஒரு வயர்லெஸ் பெட்டியும், ஆனந்தராஜும். கடல் மேல் குற்றம் சொல்ல முடியாது. அது அன்றைக்கு எண்ணெய் தடவியதுபோல் கிடந்தது. பெட்டியும் பாவம், கொடுத்ததைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. மிச்சம் ஆனந்தராஜ்தான்.

சாயங்காலம் ஏழு மணி சீரியல் முடிந்ததும், காரைக்கால் படகுத்துறைக் கொட்டகையில் உட்கார்ந்தபடி அன்றைய கதையைக் கடலில் நிற்கும் விசைப்படகுகளுக்கு வயர்லெஸ்ஸில் சொல்வது அவன் வழக்கம். அன்றைக்கும் சொன்னான். மாமியார் பேசினாள், பேசினாள், பேசிக்கொண்டே போனாள். தில்லைநாயகி பொறுத்தாள், பொறுத்தாள், பிறகு பொறுக்கவில்லை. "விட்டா பாருங்கண்ணே ஒண்ணு, பளார்னு! மாமியாரோட தோடு கழண்டு தயிர்ச் சட்டியில விழுந்துச்சு!" என்று மைக்கில் கத்தினான். அந்த நேரம் பார்த்துக் காத்தமுத்துவின் படகில் வலை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். டிரைவர் காத்தமுத்து சக்கரத்தை விட்டுவிட்டு இரண்டு கையையும் தட்டினார். கயிற்றைப் பிடித்திருந்தவர்களும் தட்டினார்கள். தட்டி முடிப்பதற்குள் படகு தன் வலை மேலேயே திரும்பிவிட்டது. அடியில் சுழலும் காத்தாடியில் வலை சுற்றிக்கொண்டது. இன்ஜின் ஒரு முனகல் முனகி நின்றது. பக்கத்தில் வலை போட்டிருந்த கவியரசனின் படகுதான் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்து சேர்த்தது.

விடிந்ததும் துறையில் கூட்டம். படகின் சொந்தக்காரர் சுப்ராயன் கிழிந்த வலையைக் காலால் புரட்டிப் பார்த்தார்.

"யாருடா அது மாமியாரை அறைஞ்சவ? கூட்டிட்டு வாங்க, நான் பார்க்கணும்."

"அவங்க டிவியில இருக்காங்க மொதலாளி" என்றான் கவியரசன்.

"அப்ப டிவிக்கு வெளியில இருக்கறவன் எங்க?"

ஆனந்தராஜ் ஐஸ் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து, செருப்பில் இல்லாத வாரைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

சுப்ராயன் திட்டி ஓய்ந்து போனதும் பேச்சு வலையை விட்டுவிட்டு அறைக்குத் தாவியது. சரியான அறை என்றார்கள். போன மாசமே விட்டிருக்க வேண்டும் என்றார்கள். இரவெல்லாம் இழுபட்டு வந்தவர்கள் மாதிரியே தெரியவில்லை. கல்யாண வீட்டிலிருந்து வந்தவர்கள் மாதிரி இருந்தார்கள். மீன் எடுக்கக் கூடையோடு வந்த அஞ்சுகம் காதில் அது விழுந்தது. அஞ்சுகம் காத்தமுத்துவின் மனைவி. துறையில் மீன் எடுத்து நெரவி, விழிதியூர் பக்கம் தெருத்தெருவாகக் கொண்டுபோய் விற்பவள்.

"எந்த அறை?"

"நேத்து தில்லைநாயகி விட்டாளே, அது."

"அவ எங்க விட்டா? நான் கண் கொட்டாமப் பார்த்தேன். மாமியார் கால்ல விழுந்து அழுதா. எந்திரிச்சு மூக்கச் சிந்திட்டு மறுபடி அழுதா."

"நீ நடுவுல அடுப்படிக்குப் போயிருப்ப" என்றார் காத்தமுத்து.

"போகவே இல்லங்கறேன்."

"அப்ப தூங்கிருப்ப."

அஞ்சுகம் கூடையைக் கீழே இறக்கி வைத்தாள். அதற்குள் மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். கடலில் இருந்ததால் பார்க்காதவர்கள் எல்லாரும், வீட்டில் இருந்து பார்த்தவளிடம், நீ பார்த்தது தப்பு என்று வாதாடினார்கள். கடைசியில் எல்லார் கண்ணும் ஐஸ் பெட்டிக்குப் பின்னால் போனது.

"ஆனந்து, நீயே சொல்லுடா. அறைஞ்சாளா, அழுதாளா?"

ஆனந்தராஜ் எழுந்து தொண்டையைச் செருமினான். "ரெண்டு பேர் சொல்றதும் சரிதான். விளம்பரத்துக்கு முன்னாடி அறைஞ்சா. விளம்பரம் முடிஞ்சதும் கால்ல விழுந்துட்டா."

எல்லாருக்கும் திருப்தி. அஞ்சுகம் மட்டும் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கிறபோது பார்ப்பாளே, அந்தப் பார்வை.

ஆனந்தராஜைப் பற்றி நாலு வார்த்தை சொல்லிவிட வேண்டும். கடலோரக் குடும்பத்தில் பிறந்தும் கடல் ஒத்துக்கொள்ளாத உடம்பு அவனுக்கு. கடலுக்குப் போன சில தடவைகளிலும் அவன் மீன் பிடித்ததைவிட மீனுக்குப் போட்டதுதான் அதிகம். கடைசித் தடவை மஞ்சள் முகத்தோடு கரையில் இறங்கியபோது காத்தமுத்துதான் முதுகைத் தடவிவிட்டு, "நீ இங்கயே இருடா. கரையிலயும் ஆள் வேணும்ல" என்றார். அப்படி வந்ததுதான் கொட்டகை வேலை. படகுக்காரர்கள் சேர்ந்து போட்ட தகரக் கொட்டகை. ஒரு மேசை, வயர்லெஸ் பெட்டி, யாரோ வேண்டாமென்று கொடுத்த டிவி, ஒடிந்த காலுக்குக் கல் முட்டுக் கொடுத்த நாற்காலி. வானிலைச் செய்தி வந்தால் படகுகளுக்குச் சொல்ல வேண்டும். இன்ஜின் பழுதென்று படகிலிருந்து வந்தால் கரையில் சொல்ல வேண்டும். பட்டனை அழுத்தினால் பேசலாம், விட்டால் கேட்கலாம்.

மற்ற நேரமெல்லாம் அந்தப் பெட்டியில் ஓடியது சுத்தப் பொய். மீன்பாடு எப்படி என்று ஒரு படகு கேட்டால் இன்னொரு படகு, "எங்கப்பா, வெறும் தண்ணிதான்" என்று சொல்லும். வலை நிறைய இறால் துள்ளினால் அந்தக் குரலில் சோகம் இன்னும் கூடும். ரொம்பவும் அழுகிற டிரைவரைத் தேடிக் கண்டுபிடித்துப் பக்கத்தில் போய் வலை போடுகிறவர்களும் உண்டு.

இந்தப் பெட்டிக்குள் சீரியல் வந்து சேர்ந்தது போன வருஷத் தடைக்காலத்தால். சித்திரை பிறந்தால் மீன் குஞ்சு பொரிக்கும் காலம் என்று விசைப்படகெல்லாம் ஆற்றுக்குள் கட்டிக் கிடக்கும்; ஆண்கள் வீட்டுக்குள் கட்டிக் கிடப்பார்கள். வேறு வழியில்லாமல் பெண்களோடு உட்கார்ந்து டிவி பார்த்தார்கள். முதலில் கேலி செய்தார்கள். கொஞ்ச நாளில், நடுவில் பேசுகிற பெண்களை "சும்மா இரு, அவ என்ன சொல்றான்னு கேக்கட்டும்" என்று அதட்டினார்கள். தடை முடிந்து கடலுக்குப் போனவர்களுக்கு வேலை ஓடவில்லை. அந்த தில்லைநாயகி என்ன ஆனாள்? புருஷன் வாயைத் திறந்தானா, இல்லையா? "ஆனந்து, ஒரு எட்டு பார்த்துச் சொல்லேன்டா" என்று பெட்டியில் முதலில் கேட்டது காத்தமுத்துதான். கிட்டத்தில் நிற்கும் படகுகள் கேட்டு, எட்டத்தில் நிற்கும் படகுகளுக்குச் சொல்லும். கடைசிப் படகுக்குப் போய்ச் சேரும்போது நாத்தனார் கொழுந்தியாளாகியிருப்பாள். யாரும் கவலைப்பட்டதில்லை.

ஆரம்பத்தில் ஆனந்தராஜ் உள்ளது உள்ளபடிதான் சொன்னான். ஐப்பசி மழையில் ஒருநாள் சரியாக ஏழு மணிக்குக் கரண்ட் போய்விட்டது. கடலில் அத்தனை பேரும் காத்திருந்தார்கள். பார்க்கவில்லை என்று சொல்ல நா எழவில்லை. தில்லைநாயகி இன்றைக்கு நாத்தனாரைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டாள் என்று சொல்லிவைத்தான். சின்னக் கேள்விதான்: "சாப்பிட்ட தட்டை நீங்களே கழுவினா கை தேஞ்சுடுமா?" ஆனால் அதுவரை அவள் யாரையும் எதையும் கேட்டதே இல்லை. பெட்டிக்குள்ளிருந்து விசில் வந்தது. மறுநாள் கரண்ட் இருந்தது, டிவியில் தில்லைநாயகி அழுதுகொண்டிருந்தாள். விசில் கேட்ட காதில் அழுகை ஏறவில்லை. அன்றிலிருந்து இரண்டு தில்லைநாயகிகள் ஆனார்கள். ஒருத்தி டிவியில் அழுதாள். இன்னொருத்தி கடலில் பேசினாள்.

இப்போது பங்குனி நடந்துகொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நாளில் மறுபடி தடைக்காலம். மறுபடி ஆண்களெல்லாம் டிவி முன்னால் உட்காருவார்கள். அதை நினைத்தாலே ஆனந்தராஜுக்குக் கரையிலேயே வாந்தி வரும்போல் இருந்தது.

அன்று மத்தியானம் வியாபாரம் முடிந்து அஞ்சுகம் கொட்டகைக்கு வந்தாள். கூடையை வாசலில் வைத்துவிட்டு, ஒரு காலி மீன்பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"தம்பி, தயிர்ச் சட்டி எங்கேருந்து வந்துச்சு?"

"என்ன அண்ணி?"

"தோடு போய் விழுந்துச்சுன்னியாமே. அந்த வீட்டுல தயிரு பிரிட்ஜுக்குள்ள கண்ணாடிக் கிண்ணத்துல இருக்கும். சண்டை நடந்தது நடுக்கூடத்துல. சட்டி நடந்து வந்துச்சா?"

ஆனந்தராஜ் பெட்டியைப் பார்த்தான். பெட்டி உதவிக்கு வரவில்லை. "அண்ணங்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொன்னா நம்பற ஆளா? நான் தூங்கிட்டேன்ல." அஞ்சுகம் சிரித்துவிட்டாள். பிறகு முகத்தைக் கொஞ்சம் கண்டிப்பாக வைத்துக்கொண்டாள். "அறை எல்லாம் வேணாம் தம்பி. தில்லைநாயகி அழுவா, ஆனா கை நீட்டற பொம்பள இல்ல. நீ அவளக் கெடுத்துடாத."

"சரிங்க அண்ணி."

"மத்தபடி நீ சொல்றது நல்லாத்தான் இருக்கு. வீட்டுக்கு வந்தா அவளப் பத்தியே பேசறாரு. அவ கேட்டது நியாயந்தானேங்கறாரு, அவ சொன்னதுல என்ன தப்புங்கறாரு. ஒரு பொம்பள சொன்னது நியாயம்னு அவர் வாயால நான் கேட்டதே இல்ல. எனக்கே அவ மேல கொஞ்சம் பொறாமை."

சொல்லிவிட்டுக் கையில் ஒட்டியிருந்த செதிலைச் சுரண்டினாள். கொட்டகைக்குப் பின்னால் அலைச் சத்தம் கேட்டது. எப்போதும் கேட்பதுதான்; அவள் அந்தப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

"அவளுக்கு அந்த வீட்டுல ராத்திரி தூக்கம் வரலன்னு ஒருநாள் வையேன்."

"ஏன் வரலையாம்?"

"வரல. வேற வீட்டுக்குப் போயிடலாம்னு புருஷன்கிட்ட கேக்கறா. அவ்வளவுதான். அதுக்கு அவரு என்ன சொல்றாருன்னு பார்த்து எனக்குச் சொல்லு."

புருஷன் 'என்ன சொல்றான்' என்று அவள் சொல்லவில்லை. 'அவரு என்ன சொல்றாரு' என்றாள். ஆனந்தராஜுக்கு அப்போதுதான் உறைத்தது.

ஊரை வாரிக்கொண்டு போன அந்தப் பெரிய அலை வந்து மூன்று வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. கடலை விட்டு உள்ளே தள்ளி அரசாங்கம் வீடு கட்டிக் கொடுத்திருந்தது. குப்பத்தில் பாதிப் பேர் போய்விட்டார்கள், பாதிப் பேர் போகவில்லை. போகாதவர்களில் முதல் ஆள் காத்தமுத்து. "கடலுக்குப் போறவன் கடல் சத்தம் கேக்கற இடத்துலதான் படுக்கணும். காத்து மாறினா காதுக்குத் தெரியணும்" என்று பஞ்சாயத்தார் நடுவில் சொல்லி, வீட்டுச் சாவியை வாங்காமலே எழுந்து வந்தவர். எல்லாரும் தலையாட்டினார்கள். அப்படி ஒரு பேச்சுக்குத் தலையாட்டாமல் இருக்க முடியுமா?

"நீங்களே அண்ணங்கிட்ட கேட்டுடலாமே அண்ணி."

"என்னன்னு கேக்கறது? கடலுக்குப் போற ஆளுகிட்ட எனக்குப் பயமா இருக்குன்னு சொல்ல முடியுமா? சொன்னா அந்தச் சொல்லும் அவர் கூடப் படகுல ஏறிடாதா?"

குப்பத்தில் எந்த வீட்டிலும் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. புறப்படுகிறவரிடம் எங்கே என்று கேட்பதில்லை, எப்போது வருவாய் என்றும் கேட்பதில்லை. சோற்றுத் தூக்கைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவார்கள்.

"பக்கத்து வீட்டுப் பெரியநாயகி அக்கா கை என் கையிலதான் இருந்துச்சு தம்பி. அப்புறம் இல்ல." அஞ்சுகம் எழுந்து கூடையை எடுத்துக்கொண்டாள். "ராத்திரி சத்தம் கேக்கறப்பல்லாம் எந்திரிச்சு உக்காந்து கையப் பார்த்துக்கறேன். அவரு வீட்டுல இருந்தா அதுவும் முடியாது. கண்ண மூடிப் படுத்துக் கிடப்பேன்."

அவள் போன பிறகும் ஆனந்தராஜ் அப்படியே உட்கார்ந்திருந்தான்.  அலை வந்த காலையில் அவன் இரவல் வாங்கிய சைக்கிளைத் திருப்பிக் கொடுக்க விழிதியூர் போயிருந்தான். வாழ்நாளில் அவன் சொன்ன தேதியில் திருப்பிக் கொடுத்த ஒரே பொருள் அந்த சைக்கிள்தான், அதுதான் தன்னைக் காப்பாற்றியது என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறான். திரும்பி வந்து குப்பத்தில் பார்த்ததை யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்டதுமில்லை. சிரித்து முடித்தவர்கள் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள் என்பது அவனுக்குத் தெரியும்.

மறுபடி வலை கட்டிக்கொண்டு காத்தமுத்துவின் படகு கடலுக்குப் போனது. ஆனந்தராஜ் வேலையைத் தொடங்கினான். அதில் ஒரு சிக்கல். தில்லைநாயகி வாழ்ந்தது பட்டணத்து மாடி வீட்டில். அங்கே எப்படிக் கடலைக் கொண்டுவருவது? யோசித்து யோசித்துக் கடைசியில் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு தண்டவாளம் போட்டான்.

"தில்லைநாயகிக்கு ராத்திரியில தூக்கமே இல்லண்ணே. வீட்டுக்குப் பின்னாடி ரயில் போகுதுல்ல, அந்தச் சத்தம். வேற வீட்டுக்குப் போயிடலாமான்னு புருஷன்கிட்ட கேக்கறா."

"ரயிலா?" என்றது கவியரசனின் குரல். "அந்த வீட்டுப் பின்னாடி நீச்சல் குளம்ல இருந்துச்சு?"

"குளத்துக்குப் பின்னாடிடா."

"காரைக்கால்ல ரயில் நின்னு எத்தனை வருஷமாச்சு. நமக்கெல்லாம் அந்தச் சத்தம் கேட்டா ஆசையா இருக்கும். இவளுக்கு வலிக்குதாமா?"

"பழகிடும்பா" என்று இன்னொரு படகு சொன்னது. "ரயிலு தண்டவாளத்துலதான் போவும். எந்திரிச்சு வீட்டுக்குள்ளயா வந்துடப் போவுது?"

பெட்டி சிரித்தது. சிரிப்பு அடங்கும் நேரத்தில், எட்டத்தில் நின்ற ஏதோ ஒரு படகிலிருந்து, யாரென்று தெரியாத குரல் தேய்ந்துபோய் வந்தது.

"ஒரு தடவை வந்துச்சுல்ல."

அதற்குப் பிறகு யாரும் பட்டனை அழுத்தவில்லை. வெறும் இரைச்சல். ஆனந்தராஜ் மைக்கைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். கடைசியில் காத்தமுத்துதான் பேசினார். "சரி சரி, நாளைக்கு என்னன்னு பார்ப்போம். வலையப் பாருங்க எல்லாரும்."

மறுநாள் தில்லைநாயகி மறுபடி கேட்டாள். அதற்கு மறுநாளும் கேட்டாள். கடலில் கட்சி பிரிந்தது. கூப்பிட்ட இடத்துக்குப் போனால்தான் என்ன, புருஷனுக்குக் கால் தேய்ந்துவிடுமா என்று ஒரு கட்சி. பரம்பரை வீட்டை விட்டு எப்படிப் போவான் என்று ஒரு கட்சி. காத்தமுத்து எந்தக் கட்சியிலும் சேரவில்லை. ஆனால் கதை தொடங்கும்போது, "ம், சொல்லு" என்று முதலில் வரும் குரல் அவருடையதுதான்.

"நீங்க சொல்லுங்கண்ணே, புருஷன் என்ன சொல்லுவான்?"

"எனக்கு எப்படிடா தெரியும்? அவன் கோட்டு போட்டவன்."

"கோட்டைக் கழட்டிட்டு நினைச்சுப் பாருங்க."

"இங்க காத்து ஒரு மாதிரி திரும்புது. அப்புறம் பேசறேன்."

கரைக்கு வந்தபோதும் ஆனந்தராஜ் விடவில்லை. டீக்கடையில் பக்கத்தில் உட்கார்ந்து, "அவ பாவம்ண்ணே" என்று ஆரம்பித்தான். காத்தமுத்து டீயை ஆற்றிக்கொண்டே, இந்தத் தடவை வந்த ஐஸ் சீக்கிரம் கரைகிறது என்றார். இரண்டாவது தடவை கேட்டதற்கு இன்ஜின் புகை கறுப்பாக வருகிறது என்றார். மூன்றாவது தடவை கேட்க ஆனந்தராஜ் வாயைத் திறந்ததும் ஒரு வடை வாங்கி அவன் வாயில் வைத்தார். வீட்டில் ஒரு நாள் தங்கினால் அடுத்த நாளே கடலுக்குக் கிளம்பிவிடுவார். மற்ற படகுகள் இரண்டு நாள் ஓய்வெடுக்கும். காத்தமுத்து ஓய்வெடுத்து யாரும் பார்த்ததில்லை. உழைப்பாளி என்று சுப்ராயன் ஊரெல்லாம் சொல்வார்.

"என்ன சொன்னாரு?" என்று அஞ்சுகம் கூடையோடு போகிற வழியில் கேட்பாள்.

"ஐஸ் கரையுதாம் அண்ணி."

"சரி." அவள் நடந்துவிடுவாள். நெரவிக்குப் போகும் பஸ்ஸுக்கு நேரமாகியிருக்கும்.

ஒருநாள் மட்டும் நின்றாள். "விட்டுடு தம்பி. அவ கேட்டுக் கேட்டு என்னாச்சு? நாலு பேர் முன்னாடி அவ மானந்தான் போவுது. அந்தப் பேச்ச எடுக்காத இனிமே. வேற ஏதாவது சொல்லு."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் ஆனந்தராஜ் ஏதாவது கேலி சொல்லிச் சமாளித்திருப்பான். அவள் மீன் விலை சொல்கிற குரலில் சொன்னாள். அதுதான் அவனைப் பிடித்துக்கொண்டது. தடைக்காலத்துக்கு முந்தைய கடைசி நடைக்குப் படகுகள் போயிருந்தன. இது முடிந்தால் எல்லாரும் வீட்டுக்கு வந்து டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். டிவியில் இருப்பவள் ஜென்மத்துக்கும் வீடு மாற்றக் கேட்கப்போவதில்லை. அஞ்சுகமும் கேட்கப்போவதில்லை. கேட்கத் தெரிந்த ஒருத்தி இந்தப் பெட்டிக்குள் மட்டும்தான் இருந்தாள். அவளுக்கும் இன்னும் இரண்டொரு நாள்தான்.

"இன்னிக்கு சாயங்காலம் கொட்டகைக்கு வாங்க அண்ணி" என்றான்.

"எதுக்கு?"

"சும்மா வாங்க. தயிர்ச் சட்டி வராமப் பார்த்துக்கறேன்."

அவள் வரமாட்டாள் என்றுதான் நினைத்தான். ஏழு மணி சீரியல் முடிகிற நேரத்துக்கு வந்து, வாசலோரமாக அதே மீன்பெட்டியில் உட்கார்ந்தாள். டிவியில் தில்லைநாயகி பூஜையறையில் அழுதுகொண்டிருந்தாள். ஆனந்தராஜ் டிவியை அணைத்துவிட்டு மைக்கை எடுத்தான்.

"ம், சொல்லு" என்றார் காத்தமுத்து.

வழக்கமாக அவன் தொண்டையைச் செருமி, மாமியார் குரலில் ஒரு இருமல் இருமித்தான் கதையை ஆரம்பிப்பான். அன்றைக்கு இருமவில்லை.

"இன்னிக்குப் பெருசா ஒண்ணும் இல்லண்ணே. தில்லைநாயகி கேக்கறத நிறுத்திட்டா. இனிமே கேக்க மாட்டேன்னுட்டா."

"அட, ஏன்?" இது கவியரசன். "இப்பத்தான சூடு பிடிச்சுச்சு."

"பதில் வரல. ரயில்ல என்ன பயம்னு எல்லாரும் சிரிக்கறாங்க. ஒரு தடவை அந்தச் சத்தம் வந்தப்ப ஒருத்தர் கைய இவ பிடிச்சுட்டு இருந்தா. அந்தக் கை இப்ப இல்ல. அதை இவ யார்கிட்டயும் சொல்லல. சொன்னா வெளிய போற புருஷனுக்கு ஆகாதுன்னு வாயை மூடிட்டு இருக்கா."

வாசலில் அஞ்சுகம் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு, போதும் என்று கையைக் காட்டினாள். ஆனந்தராஜ் அவளைப் பார்க்காத மாதிரி சுவரைப் பார்த்துக்கொண்டான். 

"மேல எனக்குச் சொல்லத் தெரியலண்ணே. கேலி பண்ணத் தெரியும், இது தெரியல. புருஷன் என்ன சொல்றான்னு நான் எத்தனையோ சொல்லலாம். சரின்னுட்டான்னு சொன்னா விசிலடிப்பாங்க. ஆனா அது பொய்யா இருக்கும். காத்து திரும்புது, ஐஸ் கரையுதுன்னு சொல்லாதீங்க. நேராச் சொல்லுங்கண்ணே. அவன் என்ன சொல்றான்?"

பட்டனை விட்டான்.

இரைச்சல்.  கவியரசன், "அண்ணே, அவன் ஏதோ..." என்று ஆரம்பித்தான்.

"கொஞ்சம் சும்மா இரு கவியரசு" என்றார் காத்தமுத்து. அவர் குரலுக்குப் பின்னால் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அது நின்றது. அவரே நிறுத்தியிருக்க வேண்டும். படகு தண்ணீரில் ஆடும் சத்தம் மட்டும் பெட்டிக்குள் வந்தது.

"ஆனந்து, தில்லைநாயகி அழுவுற பொம்பளடா. போன தடைக்காலத்துல தினம் பார்த்தனே, எனக்குத் தெரியாதா? நீ சொல்றவ வேற. தட்டு கழுவறதப் பத்திக் கேட்டப்பவே தெரிஞ்சுபோச்சு. உன்னோடவதான் நல்லாருந்தா, அதான் கேட்டுட்டு இருந்தேன்." பிறகு கேட்டார்: "அஞ்சுகம் அங்க இருக்காளா?"

ஆனந்தராஜ் பட்டனை அழுத்தி, "இருக்காங்கண்ணே" என்றான். வேறெதுவும் சேர்க்கவில்லை.

"அப்ப அவ கேக்கட்டும். கடல் சத்தம் கேக்கணும், அதான் கடலோரமாப் படுக்கணும்னு பஞ்சாயத்துல சொன்னது பொய். அலை வந்ததுலேருந்து எனக்கும் அந்த வீட்டுல தூக்கம் வரல. பக்கத்துல அவ அசையாமப் படுத்துக் கிடப்பா, தூங்குறா, எழுப்பக் கூடாதுன்னு நானும் அசையாமக் கிடப்பேன். படகுல ஏறினாத்தான் கண்ணு மூடுது. அதுக்குத்தான் மறுநாளே ஓடி வந்துடறேன். வேற ஒண்ணுமில்ல. எனக்கும் பயந்தான். அவள பஞ்சாயத்தார்கிட்ட போய் அந்தப் புது வீட்டுச் சாவிய வாங்கிடச் சொல்லு."